பதினான்காம் அறை, ஜீலாங்

ஏசி காற்றில் காய்கின்றன அவள் கையுறைகள்.
குளியல் தொட்டியில் சைக்கிள் சங்கிலியின் கறுப்பு மை,
மூன்று முறை தேய்த்தும் போகவில்லை.
"மன்னிச்சுக்கோ, அது நான்தான்" என்றாள் ஓஷில்.
நார்வேக்காரி. முப்பத்து நான்கு வயது.
கால்களுக்கு மட்டும் இருபது.

எத்தனை தடவை முதலிடம் என்று
தெரியாமல் கேட்டுவிட்டேன்.
சிரித்தாள்.
பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லையாம்.
அவள் வேலை வேறு:
அணியின் காருக்குப் பின்வாங்கி
ஜெர்சிக்குள் ஏழு தண்ணீர் பாட்டில் திணித்துக்கொண்டு
நிறைமாதக்காரி போல மேடேறுவது.
எதிர்காற்றில் முன்னே போவது,
பின்னால் வருகிறவளுக்கு மூச்சு மிஞ்சட்டும் என்று.
ஒருமுறை தன் முன்சக்கரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு
மழையில் நின்றாளாம்
ஒற்றைச் சக்கரத்தோடு, கார் வரும்வரை.

சனிக்கிழமை சலாம்ப்ரா மேட்டில்
நாற்பத்தோரு டிகிரி.
என் இடைவேளை இருபது நிமிஷம், போய் நின்றேன்.
யார் யாரோ கடந்தார்கள், கூட்டம் கத்தியது.
அவள் வந்தபோது
தடுப்புகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்;
"ஓ" மட்டும்தான் காதில் விழுந்திருக்கும்.
கை தூக்கினாள்.

இன்று அறை காலி.
அதுதான் கடைசிப் பந்தயம் என்று
அவள் சொல்லவில்லை, ரிசப்ஷனில் டீனா சொன்னாள்.
குப்பைக்கூடையில் எண்பத்தாறு என்ற எண்,
நான்காய் மடித்தது.
தலையணைமேல் இருபது டாலர்,
அதன்மேல் நான்கு ஊக்குகள், வரிசையாய்.

ஒன்றைச் சீருடையில் குத்திக்கொண்டேன்,
இரண்டாவது பட்டன் விட்டுப்போன இடத்தில்.
பதினைந்தில் இன்னும்
விரிப்பு மாற்றவில்லை.