கேள்வி இருபத்துமூன்று

துணுக்காய் றோட்டால் புழுதியோடு வந்த பொடியன்
பெயர் நிரோஜன் என்றான்.
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், முகாமைத்துவம், கடைசி வருடம்.
மின்சார வாகனக்காரரைத் தேடி
மல்லாவி முழுக்க அலைந்து
ஐந்தாவது ஆளாய் என்னைப் பிடித்தானாம்.
மடியில் ஒரு ரப்.
ஒன்று என்றால் முற்றாக மறுக்கிறேன்,
ஐந்து என்றால் முற்றாக உடன்படுகிறேன்.
இடையில் எங்கே நிற்கிறேன் என்று
நான் சொல்லவேணும்.

'சுற்றுச்சூழல் மீதான அக்கறை என்னைத் தூண்டியது.'

தம்பி, என்னைத் தூண்டியது திரைந்த பால்.
நாடே பெற்றோலுக்கு நின்ற அந்த வருடம்
செட்டிலிருந்து மதகு தாண்டியும் வரிசை.
ஆட்கள் நிழலுக்குப் போக
செங்கல்லும் ஒற்றைச் செருப்பும்
அவரவர் இடத்தைக் காத்து நின்றன.
முப்பத்திரண்டு லீற்றர் பாலைப் பின்னால் கட்டியபடி
வழியில் எண்ணெய் முடிந்து
நானும் உருட்டிக்கொண்டுபோய் ஒட்டினேன்.
பத்து மணிக்கு மூடியைத் திறந்து மணந்தேன்.
பன்னிரண்டுக்கு மணக்கத் தேவையிருக்கவில்லை.
பாலைமரத்தடியில் ஊற்றினேன்,
எறும்புக்குக்கூட அது பிடிக்கவில்லை.

அவன் மூன்று என்று அழுத்தினான்.

'அயலவரின் தாக்கம்.'

கமலரூபனைத்தான் சொல்லவேணும்.
அவன் முதலில் வாங்கி வந்தபோது
விளையாட்டுச் சாமான் என்றோம்,
பிள்ளைகள் பின்னால் ஓடித் தள்ளிவிட்டார்கள்.
அந்த வரிசை நாளில் எங்களைக் கடந்து
நாலு தரம் போனான்.
ஒருக்கால் கீரைக்கட்டோடு,
ஒருக்கால் மகளை ஏற்றிக்கொண்டு,
ஒருக்கால் காஸ் சிலிண்டரோடு.
நாலாம் தரம் வெறுமனே.
திரும்பியும் பார்க்கவில்லை, சண்டாளன்.
அதற்கு ஐந்து போடு.
ஐந்துக்கு மேலே இல்லையா?

'புதுமையை ஏற்கும் மனப்பாங்கு எனக்கு உண்டு.'

சிரித்துவிட்டேன்.
நீ பிறக்க முதல்
ஊசி மருந்துக் குப்பியில் நாலு துளி பெற்றோல் வைத்திருந்து
அதைக் காட்டி எம்டி நைன்ரியை ஏமாற்றி எழுப்பி
பிறகு மண்ணெண்ணெய் குடிக்கவைத்து ஓடிய சனம் இது.
வெள்ளைப் புகை, தலையிடி,
ஆனாலும் ஆஸ்பத்திரி வரை போகும்.
சைக்கிளைக் கவிழ்த்துவைத்து
டைனமோ தேயத் தேயப் பெடலைச் சுற்றி
செய்தி கேட்டோம்.
அப்போது சில்லுச் சுற்றினால் கரண்ட் வரும்.
இப்போது மறுவளம்.
இதிலே எங்களுக்கு என்ன புதினம்?

விலை கேட்டான்.
ஒரு கிடாரி, ஒரு சோடிக் காப்பு.
கிடாரி போனது போனதுதான்.
காப்பு இன்னும் வங்கியில்.
பற்றரி செத்தால் என்ன செய்வீர்கள் என்று
தாளில் இல்லாத கேள்வி ஒன்றைத் தானாகக் கேட்டான்.
எனக்கும் அதே கேள்விதான் என்றேன்.
கிளிநொச்சியில் ஒருத்தர் திருத்துவாராம்,
போன் எடுத்தால் எடுக்கமாட்டார்.

'சத்தமின்மை எனக்குப் பிடித்திருக்கிறது.'

வவுனிக்குளம் அணைக்கட்டு, விடிய ஐந்து மணி.
யானைக்கு நான் வருவது கேட்கவில்லை,
யானை நிற்பது எனக்குத் தெரியவில்லை.
பிறகு இரண்டு பேருக்கும் தெரிந்தது.
வண்டியைப் போட்டுவிட்டு நான் ஓட
அது எதிர்ப்பக்கம் ஓடியது.
அன்றிலிருந்து கானின் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறேன்,
கிலுகிலுத்துக்கொண்டு வரட்டும்.
இதற்கு எத்தனை என்று
நீயே பார்த்துப் போடு.

இருபத்துமூன்றாம் கேள்வி:
'மற்றவர்களுக்கும் இதைப் பரிந்துரை'
என்று வாசித்தவன் வாயை மூடவில்லை,
ரப் கறுத்துப்போனது.
முகமும் அப்படித்தான்.
'அக்கா, ஒருக்கால் சார்ஜ் போடலாமா?'

விறாந்தையில் ஒரே ஒரு பிளக்.
அதில் என் ஸ்கூட்டர் குடித்துக்கொண்டிருக்கிறது,
பச்சை லைட் இன்னும் வரவில்லை.
பின்னேரப் பாலுக்கு நாலு மணிக்கு வெளிக்கிடவேணும்,
பதினொரு வீடு, பிறகு குளிரூட்டும் நிலையம்.
அவன் ஸ்கூட்டரைப் பார்த்தான்.
நான் ரப்பைப் பார்த்தேன்.

வயரைப் பிடுங்கி அவனிடம் நீட்டினேன்.
பத்து நிமிடம்தான், தம்பி.
மடி கனத்தால் மாடு
வரிசையில் நிற்காது.