மூன்று முத்து

குத்தாயிசி விழிப்பதற்குள்
முந்நூறு ரொட்டி சுட்டுவிட்டு வருகிறேன்.
முழங்கைவரை மாவைக் கழுவிய பின்தான்
வாக்கோவின் தட்டைத் தொட
நெஸ்தான் விடுவாள்.

மேடையில் சின்னத் தராசு.
வேகவைத்துப் பிழிந்த பசலை நாற்பத்திரண்டு கிராம்,
அக்ரூட் விழுது, வெண்ணெய், மேலும் வெண்ணெய்.
காலிஃபிளவரில் ஒரு பூ கூடினால்
கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள்.
இலையில் இரும்பு உண்டு, நார் உண்டு,
மாவுச்சத்து பேருக்குத்தான்:
மருத்துவர் சொன்னதை
அவள் கணக்காக வைத்திருக்கிறாள்,
நான் பயமாக.

பசலை உருண்டையின் தலையில்
மாதுளை முத்து பதிப்பது எங்கள் ஊர் வழக்கம்.
இவனுக்கு மூன்று. எண்ணித்தான்.
கடைசிக்கு ஒதுக்கிவைப்பான்.

வலிப்பு வந்த நாளுக்கு
நாட்காட்டியில் சிவப்புப் புள்ளி.
மார்ச் மாதத்துக்கு அம்மை போட்டிருந்தது.
இந்த மாதம், பதினொன்றாம் தேதிவரை,
வெறும் காகிதம்.
சத்தமாகச் சொல்ல இருவருக்கும் துணிவில்லை.

இன்று என் சட்டையை முகர்ந்து
"அடுப்பு வாசம்" என்றான்.
ரொட்டி என்று அவன் சொல்லவில்லை.
நானும்.

ஒரு முத்தை என் பக்கம் தள்ளினான்.
நெஸ்தான் தராசைப் பார்த்தாள்,
பிறகு என்னை,
பிறகு ஜன்னலை.