அளவுக்கு நின்ற பிள்ளைகள்

மாதத்தின் இரண்டாம் புதன், அப்புத்தளை கிளினிக்.
மலை ஏற ஏற
கைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் விழும்.
நேற்றிரவு தொடங்கிய ஆய்வுக் கட்டுரை
நான்காம் பக்கத்தில் வட்டமாய்ச் சுற்றிக்கொண்டு நிற்கிறது.
முந்தியது மூன்றாம் பக்கத்தோடு போயிற்று.
அதற்கும் முந்தியதை
உண்மையைச் சொன்னால்
திறக்கவேயில்லை.

பிள்ளைகள் பதினொரு பேர். பஸ் நாலரைக்கு.

நிரோஜன், வயது எட்டும் இரண்டு மாதமும்.
அட்டை கடித்த காலைத் துடைத்தபடி
தாய் புவனலோஜினி வாசலிலேயே நிற்கிறாள்.
இன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான்.

பெட்டியைத் திறக்கிறேன்,
படிக்கும் காலத்தில் கிடைத்த நகலின் நகல்.
படத்தில் என்ன குறையுது, சொல்லு.
மேசைத் தொலைபேசி. சுருள் வயரைக் காணோம்.
உற்றுப் பார்க்கிறான்.
"கெமரா இல்ல, மிஸ்."

கைநூலின்படி பூச்சியம்.
போட்டேன்.

கடைசி அட்டவணைக்குள் இருக்கிறார்கள்
அளவுக்கென்று நின்ற பிள்ளைகள்.
என் அம்மா என்னைச் சுமந்த வருடம்
கடலுக்கப்பால் ஏதோ நகரத்தில்
கட்டைகளை அடுக்கிக் காட்டியவர்கள்.
இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்,
சிலருக்கு முழங்கால் பிடிக்கும்.
ஆனாலும் நான் கூப்பிட்டால்
எட்டு வயதாகவே வந்து
இவன் தோளோடு தோள் வைத்து நிற்கிறார்கள்.

எழுபத்து மூன்று.
எழுபதுக்குக் கீழென்றால் விசேட அலகில் ஓர் இடம்.
மேலென்றால்
'கவனமாய்ப் படிக்கச் சொல்லுங்க.'

பாதியில் நின்ற கட்டுரை சொல்லவந்தது, எனக்கு விளங்கியவரை:
அளவுகோல் பழசானால் எண் ஊதும்.
வருடத்துக்கு இவ்வளவென்று கழிக்கலாம்.
எல்லா ஊருக்கும் கழிக்கலாமா என்பது
ஐந்தாம் பக்கத்தில் இருக்கக்கூடும்.

கழித்தால் அறுபத்தேதோ.
கெமராவுக்கு ஒன்று கூட்டினால்?
நானே தமிழாக்கிக் கேட்ட கேள்விகளுக்கு
கூட்டுவதா, கழிப்பதா?
பதினாறு வருடமாய் இந்த மேசையில்
எத்தனை எழுபத்து மூன்றுகளை
மையால் எழுதிக் கையெழுத்திட்டிருப்பேன்?

பென்சிலை எடுத்தேன்.
எண்ணுக்குப் பக்கத்தில் அட்டவணையின் வருடத்தைக் குறித்தேன்.
கல்வி அலுவலகத்தில்
இது என்ன வருடம் என்று யாராவது கேட்பார்கள்.
கேட்கட்டும்.

"பாஸா, மிஸ்?"

"இன்னொருக்காப் பாக்கணும்.
அடுத்த மாசமும் கூட்டிட்டு வாங்க."

அவள் விரல்விட்டு எண்ணினாள்.
இன்னோர் அரைப்பேர்.
அந்தக் கழித்தலில்
அவளுக்குச் சந்தேகமேயில்லை.