பிணமாக நடித்தவனின் வாக்குமூலம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
நான் நன்றாகத்தான் செத்தேன்.
லிங்கராஜபுரம் ஆறாவது கிராஸில்
மார்ச் மாத ஞாயிறு, பதினோரு மணி வெயிலில்
தார்ரோட்டில் மல்லாந்து,
ஒரு செருப்பு காலில், ஒன்று சாக்கடை ஓரம்,
வலது முழங்கால் மட்டும் செங்குத்தாக.
உயிர் போகும்போது அது மெல்லச் சாயவேண்டும்.
முழங்கால் என் யோசனை.

இயக்கம் அருளப்பன்.
வாரத்தில் ஆறு நாள் லிப்ட் ரிப்பேர்.
மாட்டிக்கொண்டவர்களை இறக்கி இறக்கி
அவனுக்குள் ஒரு கதை மாட்டிக்கொண்டது:
"பத்து எபிசோட், பத்து கொலை.
பத்தாவதில் பெங்களூரே நம்மைத் தேடும்."
போலீஸ் தேடாமல் இருந்தால் சரி என்றாள் சூசன்னா.
அவள்தான் துப்பறிவாளர்.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை,
ஆகவே கையுறை இலவசம்.

கேமரா, குத்துவிளக்கில்
ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய போன்.
தாழ்வான கோணம் ஏன் என்று கேட்காதீர்கள்,
விளக்கு அவ்வளவு உயரம்தான்.
ரத்தத்துக்குத் தக்காளி சாஸ்.
முதல் டேக்கில் எறும்பு.
இரண்டாவதில் எறும்பின் சொந்தக்காரர்கள்.
மூன்றாவதில் மாதா கோயில் மணி.
நான்காவதில், "அய்யோ, யாரு பெத்த பிள்ளையோ" என்று
நிஜமாகவே அழத் தொடங்கிய பூக்காரம்மாவுக்கு
டீ வாங்கிக் கொடுத்தோம்.
மாலைக்கு விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்.
ஐந்தாவதில் என் பின்னால்
தண்ணி லாரி ஒன்று வந்து நின்றது.
"நகரச் சொல்லவா?" என்றாள் சூசன்னா.
"இருக்கட்டும், ரியலிசம்" என்றான் அருளப்பன்.
நான் செத்தேன்.

வெள்ளி இரவு எட்டு மணிக்கு வெளியீடு.
எட்டு ஐந்துக்கு நான்கு பார்வை.
நாங்கள் மூன்று பேர்.
நான்காவது ரசிகர் யாரென்று விடிய விடிய யோசித்தோம்.
(அருளப்பனின் பழைய போன்.)
ஞாயிறு மாலை நாற்பத்தொன்று.
ஜேசி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளி சொன்னார்:
"இங்கேயும் அப்படித்தானே கிடக்கறே."
அம்மா பாதியில் நிறுத்திவிட்டு
எலுமிச்சம்பழம் வாங்கி வந்து
எனக்குச் சுற்றிப் போட்டாள்.

ஏப்ரலில் போர்வெல்கள் கைவிரித்தன.
ஒரு காலை, ஆறாயிரம் பார்வை.
மதியம் பதினோராயிரம்.
அருளப்பன் லிப்டுக்குள் குதித்த குதியில்
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றான்.
எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரே இடம்:
இரண்டாவது நிமிடம், பதினாலாவது வினாடி.
நான் சாகும் இடம்!
அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட் கேட்டு வாங்கினேன்,
ஊர் என்னைப் பார்க்கட்டும் என்று.

சூசன்னாதான் துப்பறிந்தாள்,
முதல் முறையாக உண்மையிலேயே.
படத்தைப் பெரிதாக்கினாள்.
சாயும் என் முழங்காலுக்குப் பின்னே
லாரியின் வயிற்றில், மஞ்சள் பெயின்டில்,
ஹனுமந்தப்பா வாட்டர் சப்ளை.
எட்டு எண் எப்போதும் தெரிகிறது.
மிச்சம் இரண்டு
நான் உயிரோடு இருக்கும்வரை தெரியாது.

முடிவில் "வாய்ப்புகளுக்கு" என்று போட்ட
அருளப்பனின் நம்பருக்கும் அழைப்புகள்:
நீரு சிகுத்தா?
ஒரு லோடு எவ்வளவு, அண்ணா?
நடிப்பைப் பற்றிப் பேசியவர் ஒரே ஒருவர்.
எச்.ஆர்.பி.ஆர். லேஅவுட், ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர்:
"அந்தத் தம்பி கொஞ்சம்
சீக்கிரம் சாகக் கூடாதா?"

பிறகு ஹனுமந்தப்பாவே வந்தார்.
மைசூர்பாகு, ஒரு நிபந்தனை:
அடுத்த பிணமும் அவர் லாரி பக்கத்தில்தான்.
செத்தவன் எப்படி மறுபடி சாவான்?
"இரட்டைப் பிறவி" என்றான் அருளப்பன்,
மைசூர்பாகை முழுங்கிக்கொண்டே.

நேற்று எங்கள் தெருவுக்கு லாரி வந்தது.
முப்பது குடம், அறுபது முழங்கை, ஒரே கூச்சல்.
கடைசியில் நின்றிருந்தேன்.
யாரோ திரும்பிப் பார்த்துக் கத்தினார்கள்:
"ஏய், பொணம் வந்திருக்கு, வழி விடுங்க!"
கூட்டம் விலகியது.
இரண்டு குடம் நிரப்பி,
தளும்பாமல் நடந்து வந்தேன்.
முழங்கால் மட்டும் கொஞ்சம் நடுங்கியது.