சும்மா இருக்கும் சொற்கள்

துவாஸ் முனையத்துப் பாரந்தூக்கிகளுக்காக
ஒரு மொழி செய்துகொண்டிருந்தேன்.
மொத்தம் அறுபத்திரண்டு சொல்.
பேச்சு ஆங்கிலம் போலவே இருக்கட்டும்,
அடைப்புக்குறி ஒன்றும் கண்ணில் படக்கூடாது,
இரவு ஷிப்டில் ரொஸ்லான் வாசித்தால்
யாரையும் கேட்காமல் புரியவேண்டும்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

புரிந்தது. அதுதான் சிக்கல்.

மின்னலும் காற்றும் இல்லையென்றால் தூக்கு
என்று பொருள்படும் ஒரு வரி.
ரொஸ்லான் வாசித்தார், தலையாட்டினார்.
ஸ்வீ லியன் வாசித்தாள், தேநீர் வாங்கப் போனாள்.
நானும் வாசித்தேன்,
எழுதியவள் நான்தானே என்ற தைரியத்தில்.

ஒத்திகைத் திரையில்
மின்னல் வெட்டிக்கொண்டிருக்க
காற்று அசையாதிருக்க
நாலாம் எண் பாரந்தூக்கி
நாற்பதடிப் பெட்டியொன்றை
நிதானமாய்த் தூக்கியது.

அதன்மேல் தப்பில்லை.
இரண்டும் சேர்ந்து வந்தால்தானே தடை
என்று எடுத்துக்கொண்டது.
நாங்கள் மூவரும் வேறு வரி வாசித்திருந்தோம்.

"என்னைப் போலப் பேசுகிறதே என்று
நம்பிவிட்டேன்" என்றார் ரொஸ்லான்.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அன்று கடைசிப் பெருவிரைவு ரயில்
ஜூ கூனைத் தாண்டும்போது
வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறேன்:
சோறும் வேண்டாம், தோசையும் வேண்டாம்.
இரண்டு வேண்டாம்.
ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே
கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது வாய்.
கைதான் சிக்கனம் பிடித்திருக்கிறது.

மறுநாள் இலக்கணத்தில் ஒரு விதி:
ஒரே 'இல்லை'யை இருவருக்குப் பங்குவைத்தால்
ஏற்காதே. யாருடைய 'இல்லை' என்று கேள்.
வரி நீண்டது. அழகு கொஞ்சம் போனது.
"இப்படியா ஆங்கிலம் பேசுவார்கள்?"
முகம் சுளித்தார் மேலாளர் வீ கியோங்.
பேசமாட்டார்கள்தான்.

அடுத்த புதன்கிழமை
தன் முதல் விதியை ரொஸ்லான் தானே தட்டினார்,
ஒற்றை விரலால்,
தட்டிய ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டு வாசித்தபடி:
மின்னலும் இல்லை
காற்றும் இல்லை
தூக்கலாம் லா.

கடைசிச் சொல்லில் தடுக்கி விழுந்தது இயந்திரம்.
சிவப்புக் கோடு.
அழிக்கப் போனவரை, இருங்கள், என்றேன்.

பொருள் ஏதும் சுமக்காமல்
வரிக்குள் வந்து சும்மா உட்கார்ந்திருக்க
அனுமதி பெற்ற சொற்கள் சில உண்டு என் மொழியில்.
அவற்றோடு அதையும் எழுதினேன்.
அறுபத்திரண்டு அறுபத்துமூவரானது.
எதையும் தூக்காது அந்தச் சொல்,
எதையும் நிறுத்தாது.

வெளியே நிஜ இடி.
ரொஸ்லான் சன்னலுக்குப் போனார்.
ஒன்று, இரண்டு, மூன்று,
கொஞ்சம் தாமதித்து நான்கு
எனப் பாரந்தூக்கிகள் நின்றன.