கீழெல்லை

பரவனாற்றுக்கு இந்தப் பக்கம்
பதினோரு வீடு, இரண்டு தெருவிளக்கு.
எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வந்து
கொல்லையெங்கும் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டார்கள்.
ஒரு துணியை அன்றைக்கே ஆடு தின்றது.

பிறகு கணக்கெடுத்தார்கள்.
முந்திரி பதினாலு. மோட்டார் கொட்டகை, கீற்று.
பலா ஒன்று:
வேர் அஞ்சலாட்சி பக்கம்,
காய்ப்பது முழுக்க என் பக்கம்.
"யார் பேரில் போட?"
ஆறு வருஷமாக முகம் பார்க்காத நாங்கள்
ஒரே மூச்சில் "எம்பேர்ல" என்றோம்.
தகராறு என்று எழுதிக்கொண்டு
அடுத்த மரத்துக்குப் போனார்.

தலைக்கவசத்தைக் கழற்றாத பொறியாளர் சொன்னார்:
மேல்மண்ணுக்கு வாடகை உண்டு,
கீழே இருப்பது உங்களுடையது இல்லை.
எத்தனையாவது அடியிலிருந்து?
இருநூற்றெண்பதில் எனக்குத் தண்ணீர் கிடைத்தது,
சொசைட்டியில் அதற்கு இன்னும் வட்டி கட்டுகிறேன்.

மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு கிடந்த
பத்திரத்தை எடுத்துவந்து படித்தேன்.
வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை.
மேலெல்லை தனக்கோட்டி பங்கு.
கீழெல்லை அஞ்சலாட்சி மாமனார் கொல்லை.
"பாருங்க, கீழ இருக்கறது இவளுது."
அது கிழக்கும்மா என்று சிரித்தார்.
அஞ்சலாட்சி சிரிக்கவில்லை.
இன்னொரு தரம் படி, என்றாள்.

ராத்திரி துளைபோடும் வண்டி வந்தது.
பத்து மணிக்கு மேல்
அலமாரியில் தம்ளர்கள் தாமாக நகர்ந்தன.
வேலிக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம்.
"ஒன் வூட்லயும் ஆடுதா?"
ஆடுது என்றேன்.
பலாப் பேச்சை அவள் எடுக்கவில்லை,
நானும்.