எதிரியின் பை

குண்டடத்தில் என் கடைக்கு
நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.
காளை போட்ட பைக்கு ஜெரால்டு,
சூரியனுக்கு இம்தியாஸ்,
கழுகுக்கு ஒரு கரூர்க்காரர், பெயர் மறந்துவிட்டது,
வெற்றிலை எச்சிலை அடக்கிக்கொண்டே விலை சொல்வார்.
நாலாவது நடேசமூர்த்தி. அவருடையது கோபுரம்.

ஒருவர் சுவர்க்கடிகாரம் மாட்டினால்
அடுத்தவர் அதைவிடப் பெரிதாக ஒன்று கொண்டுவருவார்.
மூன்று கடிகாரம் மூன்று மணி காட்ட,
மேசைக்கு முன்னால் சண்டை பிடிப்பார்கள்,
பைக்கு அஞ்சு குறைக்கிறேன், நான் பத்து என்று.
டீக்காசு எனக்குத்தான் செலவு.
இருந்தும் அந்தச் சத்தம் நன்றாக இருந்தது.

இப்போது நடேசமூர்த்தி மட்டும் வருகிறார்.
ஒரே பைக்குள்ளிருந்து நாலு விலைப்பட்டியலை எடுத்து
சீட்டு விரிப்பதுபோல் விரிக்கிறார்.
நாலும் ஒரே காலையில் இருநூறு ஏறியிருக்கின்றன.
சூரியன் பத்து வேண்டுமென்றால்
யாரும் கேட்காத கழுகு ஆறு எடுக்கணும்,
கூடவே களைக்கொல்லி ஒரு பெட்டி.
"வேற எங்கீங் போவீங்க" என்று அவர் கேட்கவில்லை.
நல்ல மனிதர். பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.
இம்தியாஸ் திருப்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறானாம்.

போன வாரம், வாய்க்காலில் தண்ணீர் திறந்த மறுநாள்,
சடையபாளையம் தெய்வாத்தாள் வந்தாள்.
போன பட்டத்தில் காளை விதைத்தவள்.
மூணு ஏக்கர் மக்காச்சோளம். ஆளை மறைக்கிற தட்டு.
கருதை உரித்தால் பாதிக்குமேல் சக்கை.
கோழிப்பண்ணை லாரி எடை போடாமலே திரும்பியது.
படம் பிடித்துப் போன கம்பெனி ஆள்
வெயில் என்றான், பிறகு தண்ணீர் என்றான்,
பிறகு போனை எடுக்கவில்லை.

"தாராபுரம் போய்ப் பாத்தனுங்க,
அங்கயும் இதே நாலு படந்தான்" என்றாள்.
"அந்தக் காளை மொகத்துல முழிக்கமாட்டனுங்க.
அவனுக்கு எவன் எதிரியோ
அவன் பையக் குடுங்க."

அலமாரியைப் பார்த்தேன்.
காளை, கழுகு, சூரியன், கோபுரம்.
ஒவ்வொன்றின் முதுகிலும்
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்
ஒரே தெரு, ஒரே கதவு எண்.
கண்ணாடி போட்டால்தான் தெரியும்.
அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை.
நான் போட்டிருந்தேன்.

ஆறு சூரியனை எடுத்து வைத்தேன்.
கமிஷன் காளையைவிடப் பைக்கு இருபது கூட.
சங்கத்தில் நகை வைத்து வாங்கிய நோட்டு,
மடிப்புக் கலையாமல் எண்ணினாள்.
பில்லில் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னாள்.
"அவனுககிட்டச் சொல்லிப்போடுங்க,
தெய்வாத்தா மாத்திப்போட்டாள்னு."
சொல்கிறேன் என்றேன்.
மொபெட்டில் பைகளைக் கட்டும்போது
வழக்கில் ஜெயித்தவள்போல் இருந்தாள்.
முடிச்சு நழுவாமல் நானும் ஒரு விரல் வைத்துப் பிடித்தேன்.

ராத்திரி நடேசமூர்த்தி கூப்பிட்டார், இருப்புக் கணக்குக்கு.
"காளையில ஆறு நிக்குதுங்களே,
போன வருசம் சடையபாளையத்துக்குப் போனது?"
சொன்னேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்,
எதிரி என்ற வார்த்தையையும் விடாமல்.
கொஞ்ச நேரம் காகிதம் புரட்டுகிற சத்தம்.
"அப்ப சூரியன்ல ஆறு போயிருக்குதுங்களா?"
"போயிருக்குதுங்க."
"அப்பக் கணக்குச் சரிங்க" என்றார்.